இடக்கையாற் பெற்ற வாகை

நீலமலையில் உதகைக்குத் தென்மேற்கே எமரால்டு என்னும் சிற்றூர் ஒன்று உளது. குந்தா நீர்மின் திட்டத்திற்காகத் தேக்கப்பெற்ற நீர்ப்பரப்பு ஒருபாலும், தேயிலைச் சரிவுகள் ஒருபாலும், கிழங்கும் கோசும் விளையும் அடுக்கு நிலங்கள் ஒருபாலுமாக விளங்கும் அவ்வூரே எம் ஊர். அங்கு எம் சிற்றப்பா ஒருவர் வாழ்கின்றார். தேயிலை ஆலையொன்றில் இருபது ஆண்டுகள் உழைத்த அவர், இலை நறுக்கும் பொறியில் வலக்கை அகப்பட்டு நான்கு விரல்களை இழந்தார். அதற்கு முன்னர் எம் திருச்சபையின் வரவு செலவுக் கணக்கை முத்துக் கோத்தாற்போல எழுதி வந்தவர் அவரே. சென்ற விடுமுறைக்கு யாம் ஊர் சென்றிருந்த காலை, அஞ்சற்காரர் நீட்டிய தாளொன்றில், எழுத்தறியாதார் செய்வதுபோல இடக்கைப் பெருவிரலை மையிலே தோய்த்து அழுத்தினார். நாற்பதைக் கடந்தவனுக்கு இனி மற்றொரு கை முளைக்குமோ என்று கேட்டு நகைத்தார். அந்நகைப்பு எம் நெஞ்சைச் சுட்டது. விடை கூற எம்மால் இயலவில்லை.

கல்லூரி திரும்பிய பின்னர், அவ்வினாவுக்கு விடையாக அமைந்த வாழ்க்கை ஒன்றை அறிந்தோம். காரொய் தகாச் என்னும் ஹங்கேரி நாட்டுப் படைவீரர் ஒருவரின் வாழ்க்கை அது. அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. மேலைநாட்டு விளையாட்டுலகம் நன்கறிந்த அப்பெயர் நம் தமிழ் மாணவரிடையே அத்துணைப் பயின்றிலது. ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தகாச் 1910-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21-ஆம் நாள் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். இளமையிலேயே படையிற் சேர்ந்து சார்ஜண்டு நிலையை எய்தினார். கைத்துப்பாக்கியாற் குறி பார்த்துச் சுடுவதில் அவருக்கிருந்த திறமை விரைவில் வெளிப்பட்டது. 1936-ஆம் ஆண்டளவில் உலகின் தலைசிறந்த குறியாளருள் ஒருவராக அவர் மதிக்கப்பெற்றார். அவ்வாண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நிகழ இருந்தன. ஆயினும் அவர் அங்குச் செல்லக் கூடவில்லை. கமிஷன் பெற்ற அதிகாரிகளே நாட்டின் சார்பிற் போட்டியிடலாம் என்பது அக்காலத்து ஹங்கேரிப் படையின் விதி. சார்ஜண்டுக்கு அவ்வுரிமை இல்லை. பெர்லின் பந்தயங்கள் முடிந்த பின்னரே அவ்விதி நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940-இல் வரும். அதற்கு ஆயத்தமாவோம் என்று தகாச் உறுதி பூண்டார்.

அவர் மேற்கொண்டது எத்தகைய போட்டி என்பதனை நாம் ஒருவாறு உணர்ந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்ததன் அருமை விளங்காது. விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டி என்பது அதன் பெயர். இருபத்தைந்து மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். குறியாளர் ஒற்றைக் கையைத் தாழ்த்திச் சாய்வாக நீட்டி நிற்றல் வேண்டும். இலக்குகள் முகங்காட்டித் திரும்பியவுடன் கையை உயர்த்தி, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகளைச் செலுத்தல் வேண்டும். அதற்குரிய காலம் முதலில் 8 நொடி. அடுத்து 6 நொடி. இறுதியில் 4 நொடியே. ஒரு குண்டுக்கு ஒரு நொடியும் இல்லை. மொத்தம் 60 குண்டுகள். குண்டொன்றுக்கு மிகுதியாகப் பெறத்தக்கது 10 புள்ளி. ஆகவே 600-க்கு எத்தனை என்பதே கணக்கு.

இத்தகைய போட்டியிற் கைத்துப்பாக்கியைப் பொருத்தமுறச் செய்துகொள்வதே பாதி வெற்றி என்பர். முதலாவது, பிடி. போட்டித் துப்பாக்கியின் மரப்பிடி குறியாளரின் உள்ளங்கைக்கென்றே செதுக்கப்படுவது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்திப் பின் கண் திறந்து நோக்கினால், குழலின் நுனியிலுள்ள முன்குறி, பின்குறியின் பிளவுக்கு நேர்நடுவே தானாக வந்து நிற்றல் வேண்டும். ஒருபுறம் சாய்ந்து நின்றால் கையைத் திருத்துதல் கூடாது. பிடியை அரத்தால் அராவியோ, மரப்பசை அப்பியோ திருத்துதல் வேண்டும். வலிந்து திருத்திய கை நான்கு நொடியில் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடும் அன்றோ?

இரண்டாவது, குறிகள். முன்குறியின் இருமருங்கும் ஒத்த அளவு ஒளி தோன்றல் வேண்டும். கண் இலக்கிற் பதிதல் ஆகாது. முன்குறியிலே பதிதல் வேண்டும். இலக்குச் சற்றே மங்கித் தோன்றினும் குற்றமில்லை. வெயிலிற் குறிகள் பளபளத்துக் கண்ணை ஏமாற்றாதிருக்க, அவற்றிற்குப் புகைக்கரி பிடிப்பிப்பது பழைய வழக்கம். குண்டுகள் இடப்புறம் ஒதுங்கி விழுமாயின் பின்குறியை வலப்புறம் நகர்த்துதல் முறை. ஆனால் ஒரு குண்டைக் கண்டு குறியை நகர்த்துபவன் பேதை; பல குண்டுகள் ஒருங்கே ஒரு புறம் குவிந்த பின்னரே நகர்த்துதல் தகும். பிழை குறியிலோ, கையிலோ என்பதனை ஒற்றைக் குண்டு உணர்த்தாது.

மூன்றாவது, விசை. அதனை இழுக்கும் விரல் குழலை அசைத்தல் கூடாது. விசை மிக நொய்தாயின் எண்ணுமுன் வெடிக்கும். மிகக் கடிதாயின் கை நடுங்கும். இக்காலத்து உலக விதிப்படி இப்போட்டித் துப்பாக்கியின் விசை 1000 கிராம் எடையையேனும் தாங்குதல் வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கி நடுவர்கள் அதனைச் சோதிப்பர். துப்பாக்கியின் எடை 1400 கிராமுக்கு மேற்படுதல் கூடாது. 300 மில்லிமீட்டர் நீளமும் 150 உயரமும் 50 அகலமும் உடைய பெட்டிக்குள் அது அடங்குதலும் வேண்டும்.

நான்காவது, தோட்டா. இங்கே எம் மலையைப் பற்றி ஒரு சொல் கூறல் பொருத்தமாகும். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலைரயில் செல்லும் வழியில் அருவங்காடு உளது. துப்பாக்கி பீரங்கிகளுக்குரிய உந்துமருந்தைச் செய்யும் தொழிற்சாலை அங்கு 1904-இல் நிறுவப்பட்டது. கயிறுபோல் இழுக்கப்படும் கார்டைட் என்னும் மருந்தால் அதற்குப் பெயர் வந்தது. அவ்வழியே பலகாற் சென்றும், மருந்து என்பது வெடித்தால் போதும் என்றே யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். குறியாளருக்கோ அது போதாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக வெடித்தல் வேண்டும். ஒரு தோட்டாவில் மருந்து சிறிது மிகுந்தாலும் குறைந்தாலும் குண்டு விழும் இடம் வேறுபடும்.

ஆகவே தேர்ந்த குறியாளர் தோட்டாவின் பெயரை மட்டும் நோக்கி வாங்குவதில்லை. ஒரே முறையிற் செய்த தொகுதியின் எண்ணையும் நோக்குவர். துப்பாக்கியைப் பிடிச்சட்டத்தில் அசையாது பிணித்து, ஒவ்வொரு தொகுதியிலும் சில தோட்டாக்களைச் சுட்டு, எத்தொகுதியின் துளைகள் மிக நெருங்கி விழுகின்றனவோ அதனையே பெருவாரியாக வாங்கி வைப்பர். தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் இன்னொரு நுட்பமும் உண்டு. மருந்து வலிமை குன்றினால் உள்ளிருக்கும் சுருள்வில் முழுதும் பின்தள்ளப்படாது. அடுத்த தோட்டா இடையிற் சிக்கிக்கொள்ளும். வலிமை மிகுந்தாற் குழல் துள்ளும். அடுத்த இலக்குக்கு அது திரும்பி வருவதற்குள் நொடி கழியும். இதனால் 5.6 மில்லிமீட்டர் குழலுக்குரிய குறுந்தோட்டாவையே இப்போட்டியில் நெடுங்காலம் பலரும் விரும்பினர். 2005-ஆம் ஆண்டு முதல், அதே குழலளவுடைய நெடுந்தோட்டாவே வேண்டும் என்று விதி மாறிற்று. குளிரும் இதிற் குறுக்கிடும். குண்டின்மேற் பூசிய மெழுகு உறைபனியில் இறுகும். எமரால்டின் தைமாத விடியலை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி வரலாற்றைத் தொடர்வோம். 1938-ஆம் ஆண்டு படைப் பயிற்சி ஒன்றிற் பழுதுற்ற கையெறி குண்டு ஒன்று தகாசின் கையிலேயே வெடித்தது. வலக்கை சிதைந்தது. அவர்க்கு அப்போது வயது 28. மேலே கூறிய பிடியும், குறியும், விசையும், அவற்றோடு பல்லாண்டு பழகிய விரலும், அனைத்தும் அக்கைக்கென்றே அமைந்தவை. வலக்கைக்குச் செதுக்கிய பிடி இடக்கையிற் பொருந்தாது. வலக்கண்ணால் நோக்கிப் பழகியவன் இடக்கையை நீட்டினாற் கண்ணும் கையும் ஒரு கோட்டில் நில்லா. தோள், இடை, கால் ஊன்றும் கோணம் அனைத்தும் கண்ணாடியிற் கண்ட உருப்போல இடம் வலமாக மாறல் வேண்டும்.

அவர் ஒரு மாத காலம் மருத்துவமனையிற் கிடந்தார். வெளிவந்தபின், தம் நிலைக்கு இரங்குவார் எவரிடமும் ஒன்றும் கூறாது, மறைவாக இடக்கையாற் பயிலத் தொடங்கினார். அந்நாட்களில் அவர் உள்ளம் பட்ட பாடு யாது என்பதனை எழுதிக் காட்ட யாம் துணியோம். எழுதுகோலை இடக்கையிற் பற்றித் தம் பெயரை ஒருமுறை எழுதிப் பார்ப்பவர் எவரும் அதனை ஓரளவு உணரலாகும்.

மறு ஆண்டு இளவேனிலில் ஹங்கேரி நாட்டுக் கைத்துப்பாக்கிப் போட்டி நடைபெற்றது. தகாச் அங்குத் தோன்றியதைக் கண்ட பழைய தோழர்கள் அவரை அணுகி, நேர்ந்த இன்னலுக்கு வருந்தினர். போட்டியைக் காண வந்த பெருந்தன்மையையும் பாராட்டினர். தாம் காண வரவில்லை, போட்டியிடவே வந்ததாக அவர் மறுமொழி கூறினார் என்பர். அன்று வாகை சூடியவரும் அவரே. அவ்வாண்டே உலகப் பந்தயத்தில் வென்ற ஹங்கேரிக் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

வலக்கைக் கட்டைவிரலை ஆசிரியர்க்குக் காணிக்கையாக ஈந்த ஏகலைவன் கதையை நாம் அறிவோம். எஞ்சிய விரல்களால் அவன் வில் வளைத்தான். பழைய விரைவு மட்டும் அவனுக்கு மீளவில்லை. மயிரிழையும் தப்பாது கவண் எறிந்த இடக்கை வீரர் எழுநூற்றுவர் பென்யமீன் கோத்திரத்தில் இருந்தனர் என்று நியாயாதிபதிகள் ஆகமம் கூறுவதையும் நாம் படித்துள்ளோம். இவ்விருவகையார்க்கும் இடைப்பட்டவர் தகாச். ஏகலைவனைப்போல வலக்கையின் வன்மையை இழந்தார். பென்யமீனரைப்போல இடக்கையால் எய்தார். ஆனால் அவர் இடக்கை வழக்கத்தால் வாய்த்ததன்று, வருந்தி ஈட்டியது.

ஈட்டியதனைப் பயன்கொள்ளவோ காலம் இடங்கொடுக்கவில்லை. 1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக் முதலில் டோக்கியோவுக்கும் பின்னர் ஹெல்சிங்கிக்கும் குறிக்கப்பட்டுப் போரினால் நின்றது. 1944-இல் இலண்டனில் நிகழ்வதாக இருந்ததும் நின்றது. ஹங்கேரியும் போரிற் புகுந்து பேரழிவுற்றது. வலக்கை இருந்தபோது விதி தடுத்தது. இடக்கை பழகியபோது உலகம் தடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு வாயிலின் முன் காத்திருத்தல் எளிதோ?

1948-இல் இலண்டன் ஒலிம்பிக் கூடிற்று. துப்பாக்கிப் போட்டிகள் பிஸ்லி என்னும் இடத்தில் நடைபெற்றன. தகாசுக்கு வயது 38. வெற்றி பெறுவார் என்று எவரும் எதிர்பார்த்தது அர்ஜென்டினா நாட்டுச் சயென்ஸ் வலியென்டேயை. அவர் அப்போது உலக வீரர். போட்டிக்கு முன்னர் அவர் தகாசை நோக்கி, நீவிர் இங்கு வந்தது எதற்கு என்று வினவினாராம். கற்றுக்கொள்ளவே வந்தேன் என்று தகாச் விடையிறுத்தாராம். போட்டி முடிந்தது. தகாச் பெற்றது 580 புள்ளி. அஃது உலகச் சாதனை. வலியென்டே பெற்றது 571. இரண்டாம் பரிசு பெற்ற அப்பெருந்தகை, நீவிர் வேண்டிய அளவு கற்றுவிட்டீர் என்று கூறி வாழ்த்தினார் என்பர்.

நான்காண்டு கழித்து 1952-இல் ஹெல்சிங்கியில் தகாச் மீண்டும் பொன் பெற்றார். புள்ளி 579. அடுத்து வந்தவர் சிலார்டு குன், 578 புள்ளி, வயது பதினேழு. அவரும் ஹங்கேரியரே, தகாசிடம் பயின்றவருங்கூட. ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் இடையே ஒரு புள்ளியே வேற்றுமை. தம் கலையைத் தம்மளவில் ஒளித்து வையாது, தம்மை முந்தத்தக்கவனுக்கு ஈந்த அவர் மனப்பான்மையை இதனால் அறியலாம். இப்போட்டியில் இருமுறை ஒலிம்பிக் பொன் பெற்றவருள் முதல்வர் அவரே. 1956-இல் மெல்போர்னில் எட்டாம் இடமே கிட்டிற்று. தம் நாட்டுப் போட்டிகளில் முப்பத்தைந்து முறை வாகை சூடினார். படையில் லெப்டினண்டு கர்னல் நிலை எய்தி ஓய்வு பெற்றார். பின்னரும் பயிற்சி அளித்து வந்தார். 1976-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள், தாம் பிறந்த புடாபெஸ்டிலேயே உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றைக் கேட்ட எம் தோழர் ஒருவர், துப்பாக்கியால் அடைந்த புகழும் ஒரு புகழோ என்று வினவினார். தக்க வினாவே. கைத்துப்பாக்கி மாந்தரைக் கொல்லுதற்குச் செய்த கருவி என்பதனை யாம் மறைக்கவில்லை. 1948-இல் இப்போட்டியின் இலக்குங்கூட மனித உருவின் நிழல் வடிவிலேயே வெட்டப்பட்டிருந்தது. பின்னாளில் உலகச் சங்கத்தார் அவ்வடிவை நீக்கி வட்டமான இலக்கை வைத்தனர். கருவி அதுவே, அதன்முன் நிறுத்திய பொருள் மாறிற்று. தகாசின் கையைச் சிதைத்ததும் படைக்கலம் ஒன்றே. படைக்கலத்தினின்று விளையாட்டையும், விளையாட்டினின்று நட்பையும் அவர் விளைவித்தார் என்றே யாம் கொள்கின்றோம்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1948-க்கு அறுபத்து நான்கு ஆண்டு கழித்து, 2012-இல், அதே இலண்டன் மாநகரில், அதே விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் இந்தியப் படையைச் சேர்ந்த விஜயகுமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் அப்போது சுபேதார். சார்ஜண்டு என்பதனால் தகாசைத் தடுத்த வேலி அவருக்கு முன் நிற்கவில்லை. உலகம் சில வேலிகளையேனும் பிடுங்கித்தான் இருக்கின்றது.

வள்ளுவனார் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமையை வைத்தார். முயற்சியைக் கூறியவுடன் துன்பத்துக்குக் கலங்காமையைக் கூறியது ஏன் என்று வகுப்பிலே யாம் ஐயுற்றதுண்டு. தகாசின் வாழ்க்கையை அறிந்தபின் அவ்வைப்பு முறை எமக்கு இனிது விளங்கிற்று. முயல்வோனை இடுக்கண் தேடி வரும். வந்தபோதும் அவன் பிடியைப் புதிதாகச் செதுக்குதல் வேண்டும்.

முயல்வார் எல்லார்க்கும் பொன் கிட்டும் என்று யாம் கூறவில்லை. இழந்த கை தகாசுக்கும் மீளவில்லை. மீளாததை மீளாதென்று கொண்டு, எஞ்சியதை அதற்கேற்ற அளவிற் பொருத்திக்கொண்டமையே அவர் பெருமை.

இக்கட்டுரையின் முதற்படியை எடுத்துக்கொண்டு சென்ற மாதம் ஊர் சென்றோம். சிற்றப்பாவுக்குப் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டார், ஒன்றும் கூறாது எழுந்து தேயிலைச் சரிவை நோக்கிச் சென்றுவிட்டார். எம் முயற்சி பழுதாயிற்று என்றே எண்ணினோம். அன்றிரவு நெடுநேரம் அவர் அறையில் விளக்கு எரிந்தது. விடியற்காலை அவ்வறையைப் பெருக்கச் சென்ற சிற்றன்னையார், கட்டிலின்கீழ்க் கிடந்த தாளொன்றை எமக்கு மட்டும் காட்டினார். அதன் இருபுறமும் அ, ஆ என்னும் எழுத்துக்கள் கோணலும் மாணலுமாக நிறைந்திருந்தன. அதனைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டோம். தாம் மறைவாகப் பயில்வதாக அவர் எண்ணியிருக்கின்றார்; அம்மறைவு அவருக்கு இன்னும் சில நாள் வேண்டும்.